சிற்றூருக்கும் மனை வேண்டும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை, மலருக்காகச் சிறிது விரித்து எழுதப்பெற்றது)



இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியச் சுவையையும் சமயத்தின் மேன்மையையும் கற்றறிந்த பெருமக்கள் எடுத்துரைத்திருக்கின்றனர். நாமோ பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடும் கணக்கேடுகளோடும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காலங்கழிப்பவர். செய்யுள் நயம் பேசும் தகுதி நமக்கில்லை. ஆதலின், இங்கு வீற்றிருக்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் மாதம் ஒரு முறையேனும் பேசப்படும் ஒரு பொருளையே எடுத்துக்கொண்டோம். அது வீட்டுமனை.

நாம் வாழும் குவார்ட்டர் நமக்குச் சொந்தமன்று. பணி உள்ளவரை அது நமக்கு நிழல். ஓய்வுபெற்ற சில மாதங்களில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்போது எங்குச் செல்வது? ‘ஊருக்கு’ என்று வாய் சொல்லுகிறது. ஆனால் ஊரில் இடம் உண்டா? எம் ஊரில் பாட்டனார் காலத்து மனை 8 சென்ட். உடன்பிறந்தார் நால்வர்க்கு அது பகிரப்பட்டபோது ஆளுக்கு 2 சென்ட் ஆயிற்று. அடுத்த தலைமுறையில் அதனைப் பகிர முனைந்தால் சுவர்தான் மிஞ்சும், வீடு மிஞ்சாது. ஊரைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் இருக்கின்றது. எனினும் புதிதாக மணமுடித்த ஓர் இளைஞன் குடிசை கட்டுவதற்கென்று ஒதுக்கப்பட்ட இடம் ஒரு சென்ட் கூட இல்லை. இந்நிலை எம் ஊருக்கு மட்டும் உரியதன்று. இங்குள்ள பலருடைய ஊர்களிலும் இதுவே நிலை என்பதை நாம் பேசிப் பார்த்து அறிந்திருக்கிறோம்.

மாவட்டத்துக்கும் வட்டத்துக்கும் வளர்ச்சித் திட்டம் வகுக்கும்போது, புதிய வீடுகள் எங்கே எழ வேண்டும் என்று முடிவு செய்கின்றனர். அம்முடிவில் நகரத்துக்கு இடம் உண்டு; நகரை ஒட்டிய பெரிய ஊர்களுக்கும் இடம் உண்டு. நூறு வீடு, நூற்றைம்பது வீடு உள்ள சிற்றூரின் பெயரோ பெரும்பாலும் அப்பட்டியலில் காணப்படுவதில்லை. சிற்றூருக்கும் அதன் அளவுக்கேற்ற மனைகளைத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்து.

தில்லியின் சிவப்பு நூல்

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் நின்று பேசும் இந்த மண்ணே போதும்.

1911ஆம் ஆண்டு இறுதியில், நாட்டின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. அதன்பின் புதுநகர் அமைப்பதற்காக ரைசினா, மால்ச்சா முதலிய சிற்றூர்களின் நிலங்கள் எடுக்கப்பட்டன. இன்று மால்ச்சா என்பது சாணக்கியபுரியில் ஒரு சாலையின் பெயராக நிற்கின்றது. ரைசினா, குடியரசுத் தலைவர் மாளிகை அமைந்த குன்றின் பெயராக நிற்கின்றது. ஊர் மறைந்தது, பெயர் மட்டும் எஞ்சியது.

மறையாது எஞ்சிய ஊர்களின் கதை வேறு. அதனை விளங்கிக்கொள்ள ‘லால் டோரா’ என்னும் சொல்லை அறிய வேண்டும். சிவப்பு நூல் என்பது அதன் பொருள். 1908ஆம் ஆண்டை ஒட்டி, வருவாய்த் துறையினர் தில்லியைச் சூழ்ந்த சிற்றூர்களில், மக்கள் குடியிருக்கும் பகுதியை விளைநிலத்தினின்றும் பிரித்துக் காட்டக் கோடிட்டனர். அக்கோடே சிவப்பு நூல். அதற்கு வெளியே இருப்பது வரி செலுத்தும் வயல். உள்ளே இருப்பது வரியில்லாக் குடியிருப்பு. அன்றைய மக்கள்தொகைக்கு அது பொருந்திய ஏற்பாடுதான்.

1947க்குப் பின்னர்த் தில்லியின் மக்கள்தொகை வெள்ளம்போற் பெருகிற்று. 1941ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 9 லட்சமாக இருந்தது, 1951இல் 17 லட்சத்துக்கு மேலாயிற்று. 1957இல் தில்லி வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. 1961இல் பெருமளவில் நிலம் எடுக்கும் திட்டம் தொடங்கிற்று. 1962 செப்டம்பர் முதல் நாள் தில்லியின் முதற் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசு ஊழியர் குடியிருப்புகளும், தூதரகங்களும், பல்கலைக்கழகங்களும் எழுந்தன. அவை எழுந்த நிலம் முனீர்க்கா, முகமதுபூர் போன்ற ஊர்களின் வயல்.

வயல் முழுவதும் எடுக்கப்பட்டது. சிவப்பு நூலுக்குள் இருந்த ஊர் மட்டும் விடப்பட்டது. நிலங்களை ஒருங்கு சேர்க்கும் பணி நடந்த ஊர்களில் குடியிருப்பு எல்லை சற்று விரிக்கப்பட்டது உண்மையே. ஆயினும் பெருந்திட்டத்தின் வரைபடத்தில் நகரத்துக்குக் குடியிருப்பும், கடைத்தெருவும், பூங்காவும், பள்ளியும் தனித்தனியே குறிக்கப்பட்டபோது, அச்சிற்றூரில் பிறக்கப்போகும் பிள்ளைகள் எங்கே வீடு கட்டுவர் என்ற கேள்விக்குப் போதிய விடை அளிக்கப்படவில்லை. மாறாக, 1963ஆம் ஆண்டில் ஓர் அறிவிப்பு வெளியாகி, லால் டோராவுக்குள் கட்டப்படும் கட்டடங்களுக்குக் கட்டட விதிகளிலிருந்து விலக்கு அளித்தது.

நூலுக்கு வெளியே ஓரடி நிலமும் இல்லை. நூலுக்கு உள்ளே அன்று விதியும் இல்லை. இதன் விளைவை நாம் நாள்தோறும் காண்கின்றோம். இங்கிருந்து முகமதுபூருக்கோ முனீர்க்காவுக்கோ நடந்து சென்று பாருங்கள். எருமை கட்டிய முற்றங்களில் நான்கு மாடி, ஐந்து மாடி எழுந்துள்ளது. எதிரெதிர் வீட்டுப் பலகணிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. நண்பகலிலும் கீழ்வீட்டில் விளக்கெரிய வேண்டும். தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி நுழைவதற்கு வழியில்லாச் சந்துகள் பல. தலைக்கு மேலே மின்கம்பிகள் சிலந்திவலைபோற் பின்னிக் கிடக்கின்றன.

அவ்வூர் மக்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. நிலத்தை இழந்த உழவர்க்கு வாடகையே விளைச்சலாயிற்று. தமிழகத்திலிருந்து படிக்க வந்த மாணவர்க்கும், மருத்துவமனையில் பணிபுரிய வந்த நம் செவிலியர்க்கும், தேர்வெழுத வந்த இளைஞர்க்கும் குறைந்த வாடகையில் ஓர் அறை கிடைப்பது அவ்வூர்களால்தான். திட்டம் தராத இடத்தை அவர்கள் தந்தனர். ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலை வெளிச்சமும் காற்றும் ஆகும்.

1951இல் தில்லிப் பகுதியில் கணக்கெடுப்பில் இடம்பெற்ற கிராமங்கள் 300க்கு மேல். 2001இல் அவை 165, 2011இல் 112. குறைந்தவை எல்லாம் அழிந்துவிட்டன என்று பொருளன்று. பெரும்பாலானவை நகரம் என்ற பெயரைப் பெற்றன. பெயர் மாறிற்று, முன்கூட்டி ஒதுக்கப்பட்ட மனை வரவில்லை. தில்லி தரும் படிப்பினை இதுவே.

நம் நாட்டு நத்தம்

இனி நம் தாயகத்துக்கு வருவோம். வடக்கே லால் டோரா என்பதற்கு நம்மிடம் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட சொல் ஒன்றுண்டு. அது நத்தம். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழன் பொறித்த கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தைக் கூறும்போது, ஊர் நத்தம், சேரிகள், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றை இறையிலி என்று கழித்துக் காட்டுகின்றன. மக்கள் குடியிருக்கும் நிலத்துக்கு வரியில்லை என்ற கொள்கை அன்றே இருந்தது. வெள்ளையர் ஆட்சியில் நிலவரித் திட்டம் வகுத்தபோதும் நத்தம் தனியாகவே குறிக்கப்பட்டது.

அக்கல்வெட்டுகளிலேயே ஊர் வேறு, சேரி வேறு என்ற பிரிவும் காணப்படுகின்றது. பழமையைப் போற்றும் நாம் இதனையும் மறைக்காது கூற வேண்டும். மேட்டு நிலமும் குளக்கரையும் ஒருவர்க்கு. மழை பெய்தால் நீர் தேங்கும் பள்ளம் மற்றொருவர்க்கு. நத்தத்தில் இடம் போதாமல் நெருக்கம் ஏற்பட்டபோதெல்லாம் முதலில் மூச்சுத் திணறியது சேரிதான். அங்கு வாழ்ந்தவர்க்குப் பிரித்துக்கொள்ளவும் மனையில்லை. விலைக்கு வாங்கப் பொருளும் இல்லை.

தஞ்சைப் பகுதியில் நிலமற்ற உழைப்பாளர் பலர், நிலவுடைமையாளரின் இடத்திலேயே குடிசை போட்டு வாழ்ந்தனர். வேலை போனால் வீடும் போகும். கூலி உயர்வு கேட்பவன் தன் குடிசையை நினைத்தே வாய் திறக்க அஞ்சுவான். இந்த அச்சத்தை நீக்கக் குடியிருப்பைக் காக்கும் சட்டம் 1961இல் வந்தது. குடியிருந்தவர்க்கே அம்மனையை உரிமையாக்கும் சட்டம் 1971இல் நிறைவேறிற்று. ஒரு சிறு மனை மனிதனுக்கு நிமிர்ந்து பேசும் வலிமையைத் தருகின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

அதே 1971ஆம் ஆண்டு அக்டோபரில், நாடு முழுவதும் நிலமற்ற கிராமத் தொழிலாளர்க்கு வீட்டுமனை வழங்கும் திட்டத்தை நடுவணரசு தொடங்கிற்று. 1974இல் அது மாநிலங்களின் பொறுப்பாயிற்று. ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் எடுப்பதற்கெனத் தமிழ்நாட்டில் 1978இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் திட்டம், பல சாதியினரும் அடுத்தடுத்து வாழுமாறு ஓரிடத்தில் நூறு வீடுகளை அமைக்க முனைந்தது. அத்திட்டத்தின் முதல் ஊர் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998இல் திறக்கப்பட்டது. யார் பக்கத்தில் யார் வாழ்வது என்ற கேள்வியும் மனை ஒதுக்கீட்டில் அடங்கும் என்பதை அத்திட்டம் நமக்கு நினைவூட்டுகின்றது.

இவையெல்லாம் நற்செயல்களே. எனினும் ஒரு குறை நிற்கின்றது. வீடு கட்டப் பணம் தரும் திட்டங்கள் வளர்ந்த அளவுக்கு, வீடு நிற்க மண் தரும் ஏற்பாடு வளரவில்லை. 1985இல் தோன்றிய இந்திரா வீட்டுவசதித் திட்டம் கட்டுவதற்கு உதவித்தொகை தந்தது; 2016இல் அதன் இடத்துக்கு வந்த பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டமும் அவ்வாறே தருகின்றது. வீட்டின் அளவு 25 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் விதி உண்டு. மனையே இல்லாதவன் அவ்வீட்டை எங்கே கட்டுவான்? அவனுக்கு மாநில அரசு இடந்தர வேண்டும் என்று விதி கூறுகின்றது. ஆனால் அதிகாரி இடம் தேடிப் புறப்படும்போது, ஊரில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் குளத்தங்கரையும், மேய்ச்சல் வெளியும், ஓடைப் புறம்போக்குமே. ஏழைக்கு வீடு கொடுக்க ஏரியைக் கெடுப்பதா, ஏரியைக் காக்க ஏழையைத் தெருவில் விடுவதா என்ற தடுமாற்றம் அப்போது எழுகின்றது. முன்பே இடம் குறித்து வைத்திருந்தால் இத்தடுமாற்றத்துக்கே வேலையில்லை.

திட்டம் மனையை ஒதுக்காத இடத்தில் வணிகர் மனையைப் பிரிப்பர். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்ணக் கொடி நட்டு, விளைநிலத்தில் கல் ஊன்றி விற்கப்பட்ட மனைகளைப் பேருந்தில் செல்லும்போது நாம் கண்டிருக்கிறோம். சாலையும் வடிகாலும் முறைப்படி இல்லாத மனைப்பிரிவுகள் பெருகியதால், 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குத் தடை விதித்தது. 2017இல் அவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. இவ்வாறு அவதிப்பட்டவருள் நம் காலனிவாசிகளும் உண்டு. சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளை ஓய்வுக்கால வீட்டுக்கென்று மனையில் போட்டுவிட்டுப் பத்திரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர் சிலரல்லர்.

பெரிய ஊரா, சிறிய ஊரா?

இங்கு ஒரு மறுப்பு எழும். அது வலிமையுள்ள மறுப்பு. திட்டம் வகுக்கும் அறிஞர் கூறுவர்: ‘சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் அனைத்துக்கும் குழாய் நீர், வடிகால், பள்ளி, மருத்துவமனை, பேருந்து ஆகியவற்றைக் கொடுக்க இயலாது. பெரிய ஊர் சிலவற்றைத் தேர்ந்து அங்கே வீடுகளைக் கட்டினால், ஒரே செலவில் பலர் பயன்பெறுவர்.’

இக்கருத்தில் உண்மை உண்டு. பத்து வீட்டுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி கட்ட இயலாது. ஆனால் இக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டு சென்றால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு வரலாறு உண்டு. அந்நாட்டின் வடகிழக்கில் டர்ஹாம் என்னும் மாவட்டம் உள்ளது. நிலக்கரிச் சுரங்கங்களைச் சார்ந்து அங்குப் பல சிற்றூர்கள் தோன்றியிருந்தன. 1951ஆம் ஆண்டு வளர்ச்சித் திட்டத்தில் மாவட்ட நிருவாகத்தினர் ஊர்களை நான்கு வகையாகப் பிரித்தனர். நான்காம் வகையில் 114 ஊர்கள் சேர்க்கப்பட்டன. சுரங்கம் வற்றிவரும் இவ்வூர்களில் இனிப் புதிய வீடு வேண்டா, புதிய செலவும் வேண்டா, மக்கள் பெயர்ந்து வேறிடம் செல்லட்டும் என்பதே அத்திட்டத்தின் முடிவு.

அங்கு வாழ்ந்தவர் அதனை ஏற்கவில்லை. சுரங்கம் மூடினாலும் எங்கள் கோயிலும், மன்றமும், சுற்றமும் இங்கேதான் என்று வாதாடினர். சில ஊர்கள் இடிக்கப்பட்டன. பல ஊர்கள் போராடி நிலைத்தன. 1977இல் அக்கொள்கையே கைவிடப்பட்டது. ஒரு தலைமுறைக் காலம் அவ்வூர்களில் எவரும் துணிந்து வீட்டைப் புதுப்பிக்கவில்லை. எவரும் துணிந்து கடை வைக்கவில்லை. வளராது என்று ஏட்டில் எழுதப்பட்ட ஊர், அவ்வெழுத்தினாலேயே வளராமற் போகின்றது.

நம் ரயில்வேயில் இதற்கு வேறொரு முறையைக் காணலாம். மெயில் வண்டி எல்லா நிலையங்களிலும் நிற்பதில்லை, நிற்கவும் கூடாது. அது சந்திப்பு நிலையங்களில் நிற்கும். ஆனால் மெயில் வண்டி நில்லாத சிறு நிலையத்தை ரயில்வே புறக்கணித்து விடுவதில்லை. பாசஞ்சர் வண்டி நிற்கச் சிறு நடைமேடையும், நிலைய அதிகாரிக்கு ஓர் இல்லமும், கேங்மேன் என்று நாம் இன்றும் அழைக்கும் பாதைத் தொழிலாளர்க்குச் சில இல்லங்களும், குடிநீருக்கு ஒரு வழியும் அங்கு அமைக்கப்பெற்றன. அவ்விடத்தில் ஆள் குடியிருந்தால்தான் பாதை பழுதில்லாமல் இருக்கும். பாதை பழுதில்லாமல் இருந்தால்தான் மெயில் வண்டியும் ஓடும்.

சிற்றூரும் அவ்வாறே. வயலில் இறங்குபவர், மாடு வளர்ப்பவர், நீர் பாய்ச்சுபவர், தொடக்கப் பள்ளி ஆசிரியர், ஊர்ச் செவிலியர் ஆகியோர் அங்கேயே வாழ வேண்டும். இளங்குடும்பங்கள் மனையின்றி வெளியேறினால், தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் குறைவர். பள்ளி மூடப்பட்டால் எஞ்சிய குடும்பங்களும் புறப்படும். பயணி இல்லை என்று பேருந்தும் நிற்கும். பெரிய மருத்துவமனையும் கல்லூரியும் பெரிய ஊரில் இருக்கட்டும். அதனை நாம் மறுக்கவில்லை. தன் மக்களின் பிள்ளைகளுக்கு வேண்டிய மனைகள் மட்டுமாவது சிற்றூரிலேயே இருத்தல் வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

எழுத்தர் வேலை செய்பவர் ஆதலின், கணக்கின்றி ஒன்றைக் கூறினால் நமக்கு மனம் ஒப்பாது. 600 ஏக்கர் பரப்புள்ள ஒரு சிற்றூரைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கு 120 குடும்பங்கள் வாழ்கின்றன. அடுத்த 25 ஆண்டுகளில், வெளியூர் செல்வோர் போக, இரண்டு குடும்பத்துக்கு ஒன்றாகப் புதுக்குடும்பம் தோன்றுகின்றது என்று கொண்டால், வேண்டிய மனைகள் 60. ஒரு மனைக்கு 3 சென்ட் வீதம் 180 சென்ட். அதாவது 1 ஏக்கர் 80 சென்ட். தெரு, வடிகால், சிறுவர் விளையாட ஒரு வெளி, நீர்த்தொட்டி ஆகியவற்றுக்கு அதில் பாதியைக் கூட்டினால் 2 ஏக்கர் 70 சென்ட். 3 ஏக்கர் என்றே வைத்துக்கொள்வோம்.

600 ஏக்கரில் 3 ஏக்கர், நூற்றில் அரைப்பங்கு. 25 ஆண்டுக் காலத்துக்கு ஓர் ஊர் முழுவதும் நெருக்கமின்றி வாழ்வதற்கு வேண்டியது இவ்வளவே! விளைநிலம் அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் இக்கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். திட்டமின்றிச் சாலையோரத்தில் சிதறும் மனைகள் தின்னும் நிலம் இதைவிடப் பன்மடங்கு.

ஒதுக்கும் முறை

எவ்வளவு என்பதைக் கண்டோம். எவ்வாறு என்பதைச் சில சொற்களில் கூறுவோம்.

முதலாவது, ஒதுக்கும் இடம் பழைய நத்தத்தை ஒட்டியிருக்க வேண்டும். ஊருக்கு இரண்டு கல் தொலைவில், விளக்கும் வழியும் இல்லாத முட்புதரில் மனை கொடுத்துவிட்டு, ‘கொடுத்தோம்’ என்று கணக்கெழுதுவது கொடை ஆகாது. பட்டா கையில் இருந்தும் குடியேறாமற் கிடக்கும் மனைகள் பல இவ்வகைப்பட்டவையே.

இரண்டாவது, நீர்நிலையும் நீர் செல்லும் வழியும் தொடப்படக் கூடாது. ஊரில் தகுந்த புறம்போக்கு இல்லையெனில், உரிய விலை கொடுத்து மேட்டு நிலத்தை வாங்குவதே முறை.

மூன்றாவது, தெருவும் வடிகாலும் முதலில், வீடு பின்னர். தில்லியின் சிற்றூர்கள் கற்பிப்பது இது. வீடு எழுந்தபின் தெருவை அகலமாக்க எவராலும் இயலாது.

நான்காவது, ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து மனை ஒதுக்கலாகாது. புதிய தெருவாவது பழைய பிரிவினையின்றி அமையட்டும்.

ஐந்தாவது, வரைந்த எல்லை என்றென்றும் அப்படியே நிற்கலாகாது. பத்தாண்டுக்கு ஒருமுறை ஊரின் குடும்பங்களை எண்ணிப் பார்த்து, வேண்டுமாயின் எல்லையை விரிக்க வேண்டும். 1908ஆம் ஆண்டு நூல் நூறு ஆண்டுக்குப் பின்னும் ஊரின் கழுத்தை இறுக்கியது, காலத்துக்கேற்ப அதனை எவரும் அவிழ்த்துக் கட்டாமையால் அன்றோ?

இவையெல்லாம் நடைபெறுவதற்குச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களை வரிசைப்படுத்தியது. அவற்றுள் பத்தாவது ஊரக வீட்டுவசதி. ஊராட்சிகளின் திட்டங்களை ஒன்றிணைக்க மாவட்டத் திட்டக் குழு வேண்டும் என்று 74ஆம் திருத்தம் கூறுகின்றது. 2020 ஏப்ரல் 24ஆம் நாள் நடுவணரசு தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தின்படி, நாட்டின் பல பகுதிகளில் சிறு வானூர்தியைப் பறக்கவிட்டுக் கிராமக் குடியிருப்புகள் அளக்கப்பட்டு வருகின்றன. இருப்பதை அளப்பது நன்று. இனி வேண்டியதையும் அதே வரைபடத்தில் குறித்தால் பணி முழுமை பெறும்.

நம் கடமை

‘இவையெல்லாம் அங்கு வாழ்வோர் பார்த்துக்கொள்ள வேண்டியவை, மோதி பாக்கில் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை?’ என்று சிலர் எண்ணலாம். வேலை உண்டு, அன்பர்களே! இரண்டு வேலைகள் உண்டு.

முதல் வேலை கிராம சபையைப் பற்றியது. தமிழ்நாட்டில் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூடுகின்றது. நம்மில் பலர் விடுப்பில் ஊர் செல்வதுண்டு. ஒரு முறையேனும் அப்பயணத்தை இந்நாட்களுள் ஒன்றோடு பொருந்துமாறு அமைத்துக்கொள்ளலாம். வாக்காளர் பட்டியலில் பெயரில்லாதவர்க்குத் தீர்மானத்தில் உரிமையில்லை என்பது மெய்தான். ஆனால் கணக்கெழுதவும், மனு எழுதவும், விதியை எடுத்துச் சொல்லவும் அறிந்த ஒருவர் உடன் அமர்ந்திருப்பது ஊராருக்குத் துணிவு தரும். ‘நம் ஊரில் மனை இல்லாக் குடும்பங்கள் இத்தனை, இன்ன இடம் பொருத்தமானது’ என்று ஒரு தாளில் தெளிவாக எழுதித் தீர்மானமாக்க உதவினால், அதுவே நாம் பிறந்த மண்ணுக்குச் செய்யும் தொண்டாகும்.

இரண்டாம் வேலை சற்றுக் கசப்பானது. எனினும் கூறாமல் விடுவதற்கில்லை. நத்தத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் யாருடையவை? ஓடு சரிந்து, திண்ணை இடிந்து, முற்றத்தில் கருவேலம் முளைத்த மனைகள் யாருடையவை? அவற்றுள் பல, தில்லியிலும் மும்பையிலும் அயல்நாட்டிலும் வாழும் நம்மைப் போன்றோருடையவை. ஊரின் நடுவே, குழாயும் விளக்கும் வந்து சேர்ந்த நல்ல இடத்தை நாம் பூட்டி வைத்திருக்கிறோம். அதே ஊரில் அண்டை வீட்டுப் பையன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் தந்தையின் ஒற்றை அறை வீட்டில் மறைப்புக் கட்டி வாழ்கின்றான்.

பாட்டன் மனையைப் பிரிய மனம் வருவதில்லை என்பதை நாம் அறிவோம். ஓய்வுக்குப் பின் உண்மையாகவே அங்குச் சென்று வாழ எண்ணுவோர், இப்போதே ஒரு சிறு வீட்டைக் கட்டிக் குடிவைத்து விளக்கேற்றட்டும். மீளப்போவதில்லை என்று உள்ளத்தில் உணர்ந்தவர், நியாயமான விலைக்கு ஊரிலேயே உழைத்து வாழும் ஒரு குடும்பத்துக்கு அதனைக் கொடுக்கட்டும். உடன்பிறந்தார் உடன்பாடின்றி முடங்கிய மனையாயின், இவ்வாண்டே அமர்ந்து பேசித் தீர்க்கட்டும். திட்டம் வகுப்போர் ஒதுக்கும் மூன்று ஏக்கருக்கு முன்பாக, நாமே ஒதுக்கக்கூடிய மூன்று சென்ட் ஒவ்வோர் ஊரிலும் கிடக்கின்றது.

இங்கே சிறுவர் சிறுமியர் பலர் அமர்ந்திருக்கின்றனர். ‘உன் ஊர் எது?’ என்று கேட்டால், அவர்கள் மோதி பாக் என்று கூறுவர்; தமிழகத்தில் ஒரு சிற்றூரின் பெயரையும் சேர்த்துக் கூறுவர். அவ்வாறு இரண்டாவதாகக் கூறும் பெயர், மால்ச்சாவைப் போல் வெறும் பெயராக நின்றுவிடாமல், புகை எழும் அடுப்பும், பிள்ளைகள் ஓடும் தெருவும் உள்ள ஊராக நிலைக்க வேண்டும். அதற்கு வேண்டியது நூற்றில் அரைப்பங்கு நிலமும், முன்கூட்டி எண்ணும் அறிவும், சிறிது மனமுமே.



வாழ்க தமிழ்! வளர்க சிற்றூர்!